மரத்த நாக்கு

எந்தப் பல் என்று டாக்டர் கேட்டால் என்ன சொல்வது என்று குழல்வாய்மொழிக்குத் தெரியவில்லை. இடது தாடை முழுக்க வலித்தது, காதுக்குள் வலித்தது, நேற்று வலித்த இடத்தை இன்று நாக்கால் தொட்டால் அங்கே ஒன்றுமில்லை. இன்றைக்குப் பார்த்துத்தானா இது வர வேண்டும் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள், நாற்காலியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு பல் கையில் பிரஷ் பிடித்துச் சிரித்தது. பல்லுக்கு எதற்குக் கை, பல்லுக்கு எதற்கு வாய், அந்த வாய்க்குள் இன்னும் குட்டிக் குட்டியாய்ப் பற்கள் வேறு, இதை வரைந்தவனை முதலில் உள்ளே படுக்கவைத்துப் பிடுங்க வேண்டும். உள்ளே யாருக்கோ ராவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் அவளுக்குக் காலையில் பார்த்த கோடு ஞாபகம் வந்தது, சத்தம் மறுபடி தொடங்கினால் கோடு போய்விட்டது, ஆகவே சத்தம் தொடர்ந்தாலே தேவலை என்றிருந்தது. "நீங்க காந்தம் மேடம்தானே?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் பாதிப்பேருக்கு அவள் காந்தம் மேடம். நகரத்துக்கு வெளியே ஒரு குன்றின் மேல் பூமியின் காந்தப்புலத்தை ராப்பகலாக அளந்துகொண்டிருக்கும் ஒரு நிலையத்துக்கு அவள் பொறுப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை, ஆனால் போன வருஷம் உள்ளூர்க் கேபிள் டிவிக்காரன் ஒருவன் வந்து மைக்கை நீட்டினான், அவளும் புத்தி கெட்டுப்போய்ப் பேசினாள். "அருளானந்தம். ஹார்பர்ல இருந்து ரிட்டயர் ஆயிட்டேன். நீங்க சொன்னதை அப்படியே மனசுல வச்சிருக்கேன் மேடம். பூமி நடுங்கறதுக்கு முன்னாடி காந்தம் மாறும்னு சொன்னீங்க." "மாறலாம்னு சொன்னேன்." "அதான், மாறும்னு." "லாம்," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு, கடித்ததும் காது வரைக்கும் வலி பாய்ந்தது. அவர் தலையை ஆட்டினார். அவருக்கு அது கேட்கவே இல்லை. கேபிள் டிவிக்காரனுக்கும் கேட்கவில்லை. இருபது வருஷப் படிப்பு, வேலை, கட்டுரை, சண்டை எல்லாம் சேர்ந்து அவளுக்குச் சொந்தமாகக் கிடைத்தது அந்த ஒரே ஒரு 'லாம்'தான், அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. "எங்க வீட்டு நாய் நேத்துலேருந்து சோறு தொடல மேடம்," என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "வெயிலா இருக்கும்," என்றாள். வெயிலாக இருக்கட்டும், கடவுளே, வெயிலாகவே இருக்கட்டும்.

ஏனென்றால் கோடு நேற்று இரவிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. காலையில் கிளம்புவதற்கு முன் கணினித் திரையில் பார்த்தாள், பார்த்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் இப்போது நிம்மதியாகப் பல் மட்டும் வலித்துக்கொண்டிருக்கும். சூரியன் சும்மா இருக்காது, அவ்வப்போது சீறும், சீறினால் பூமி முழுவதும் காந்தப்புலம் ஆடும், அது அவளுடைய நிலையத்திலும் தெரியும், வடக்கே இன்னொரு தீவில் இருக்கும் துணை நிலையத்திலும் தெரியும். அதனால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பது. கழித்தால் சூரியன் போய்விடும், மிஞ்சுவது வெறும் தட்டைக் கோடு. அந்தத் தட்டைக் கோடு ஏறியிருந்தது. எவ்வளவு? நாற்பதாயிரத்துச் சொச்சத்தில் மூன்று. மூன்றெல்லாம் ஒரு எண்ணா. ஒரு இரும்பு வாளியைக் கொண்டுவந்து வைத்தால் அதைவிட அதிகம் வரும். கருவி இருக்கும் குடிலே மரம், ஆணி எல்லாம் பித்தளை, அவளே உள்ளே போகும்போது ஊக்கையும் கொண்டை ஊசியையும் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் போவாள். அப்படியானால் பக்கத்து நிலத்துக்காரன் வீடு கட்டக் கம்பி இறக்கியிருப்பான். உடனே புவனேந்திரனை அனுப்பினாள், நிலையத்தில் அவளுக்கு அடுத்தபடி இருக்கும் இளம் விஞ்ஞானி அவன் ஒருவன்தான். வேலியைச் சுற்றி வந்து, "கம்பியும் இல்ல, லாரியும் இல்ல மேடம், ஒரு மாடுகூட இல்ல," என்றான். ஏதோ அவனே எல்லாவற்றையும் துரத்திவிட்ட மாதிரி அவன்மேல் கோபம் வந்தது. சரி, துணை நிலையத்துக் கருவிதான் கெட்டிருக்கும். பேட்டரி இறங்கியிருக்கும். ஈரம் புகுந்திருக்கும். அதுவும் இல்லையென்றால். அதுவும் இல்லையென்றால் கடலுக்கடியில் பாறை பாறையை நெரித்துக்கொண்டிருக்கிறது, நெரிபடுகிற பாறையின் காந்தத்தன்மை கொஞ்சம் மாறும், விரிசலில் நீர் புகுந்து நகர்ந்தால் மெல்லிய மின்னோட்டம் பிறக்கும், அதுதான் இந்த மூன்று. எழுதிவைத்தால் அழகாகத்தான் இருக்கிறது. எத்தனையோ தேசத்தில் எத்தனையோ பேர் இப்படி எழுதியிருக்கிறார்கள், நிலநடுக்கம் வந்த பிறகு பழைய பதிவுகளைக் கிளறி, ஆகா, இதோ முன்பே தெரிந்திருக்கிறது பார் என்று சுட்டிக்காட்டியிருக்கிறார்கள், பத்து இருபது வருஷம் கழித்து வேறொருவன் வந்து அது கருவியின் கோளாறு என்றிருக்கிறான். அவளிடமே இதுபோன்ற ஏற்றங்கள் சில உண்டு. ஏறும், இறங்கும், ஒன்றும் நடக்காது. ஒரே ஒரு தடவை, ஏறி இறங்கி ஒரு வாரத்துக்குப் பின்னால் நடுக்கடலில் ஒன்று வந்தது, சமையலறையில் கரண்டிகள் கிணுகிணுத்தன, அவ்வளவுதான். அந்த ஒன்று எதற்கு வந்தது? வராமலே இருந்திருந்தால் இந்த வேலையை நிம்மதியாக வெறுத்திருக்கலாம். காலையில் சென்னையிலிருக்கும் இயக்குநருக்கு ஃபோன் போட்டாள். "ஃபோன்ல இதெல்லாம் பேசாதீங்கம்மா, மெயில் போடுங்க," என்றார், கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெயிலும் வேண்டாம். அது வெளியே போச்சுன்னா எனக்குப் பதில் சொல்லி மாளாது. ரெண்டு நாள் பாருங்க," என்றார். ரெண்டு நாள் பார். பார்த்துவிட்டு? ஆடினால் ஆடியது என்று சொல்லவா? என் மகள் மதிவதனி இன்றைக்குக் கடற்கரைக்குப் போயிருக்கிறாளே ஐயா. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், ஓகோ மகளா, அதுதான் விஷயமா என்றிருப்பார். அதுதான் விஷயமா? மகள் வீட்டில் இருந்திருந்தால் அந்த மூன்றை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பாளா? தெரியவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அதிக எரிச்சலாக இருந்தது.

மதிவதனி ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எட்டாம் வகுப்பு டீச்சர். வயது இருபத்துநாலு, பிள்ளைகளோடு நின்றால் யார் டீச்சர் என்று தேட வேண்டும். இன்று முதன்முதலாக அவளை நம்பி, கூட ஒரு உடற்பயிற்சி ஆசிரியரையும் தலைமையாசிரியையும் போட்டு, முப்பது பிள்ளைகளைப் படகில் ஏற்றிப் பக்கத்துத் தீவு ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளை மணல், ஆழமில்லாத தண்ணீர், சாயங்காலம் வரை கரையிலேயே விளையாட்டு, சாப்பாடு. விடியற்காலையில் தொப்பி தேடிக்கொண்டிருந்தவளிடம், "இன்னைக்கே போகணுமா?" என்றாள் குழல்வாய்மொழி. மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அம்மா, உன் மிஷினை ஆரம்பிக்காதே," என்றாள். சின்ன வயதிலிருந்து இதுதான். பள்ளியில் மற்ற பிள்ளைகள் பெஞ்சை ஆட்டிவிட்டு, மதி, உங்கம்மாகிட்ட கேட்டியா என்பார்களாம். அவள் அழுதுகொண்டு வருவாள். நான் என்ன செய்ய, நானா ஆட்டினேன். படகில் இருக்கும்வரை பயமில்லை, ஆழ்கடலில் அலை தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும், கரையில் நிற்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. இந்நேரம் கரையில்தான் நிற்பார்கள். அங்கே கலங்கரை விளக்கம் இருக்கிற மேடு ஒன்று உண்டு, பிள்ளைகள் ஓடினால் ஏறிவிடலாம், ஆனால் யார் ஓடச்சொல்வது. சுனாமி வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை இவளுக்கு நாலு வயது. வாளியில் பிடித்துவைத்த தண்ணீர் தானாகத் தளும்பி வழிந்தது, இவள் அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். கைதட்டினவளை அள்ளிக்கொண்டு மாடிப்படி இறங்கியது, படி காலுக்குக் கீழே இல்லாமல் போய்ப் போய் வந்தது, தெருவில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், நிற்க முடியாமல். கணவரின் அக்கா கார் நிக்கோபார் தீவில் டீச்சராக இருந்தாள். இருந்தாள் என்றுதான் சொல்ல முடியும், வேறொன்றும் கிடைக்கவில்லை. அவள் பெயரைச் சொன்னால் கணவர் எழுந்து வெளியே போய்விடுவார், இப்போது கப்பலில் எந்திரப் பொறியாளர், எந்நேரமும் எங்கோ ஒரு கடலில் இருக்கிறார், அங்கே கேட்காதோ என்னவோ. பல வருஷம் கழித்து இந்த நிலையத்துக்கு வந்ததும் குழல்வாய்மொழி முதலில் தேடியது அந்த டிசம்பரின் பதிவைத்தான். முந்தின வாரம் கோடு ஏறியிருந்ததா, இறங்கியிருந்ததா, ஏதாவது, ஒரு சின்ன முணுமுணுப்பாவது. அங்கே வெறும் வெள்ளை. மழையில் கருவி பழுதாகி, சரிசெய்ய ஆள் வராமல், மாதக்கணக்கில் சும்மா கிடந்திருக்கிறது. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஊறுகாய் போட்டிருப்பாள். பாழாய்ப்போன அந்த வெள்ளைக்காகத்தான் இத்தனை வருஷம். "மேடம், உங்களைக் கூப்பிடறாங்க," என்று அருளானந்தம் முழங்கையில் தட்டினார். ராவுகிற சத்தம் எப்போது நின்றது?

"எந்தப் பல்லு அக்கா?" என்றார் டாக்டர் சிசிலி. அவள் கன்னத்தைப் பொத்தினாற்போலக் கைகாட்டினாள். டாக்டர் ஒவ்வொன்றாகத் தட்டினார், இதுவா, இதுவா, இல்ல இதுவா, எல்லாமே இதுதான் போலிருந்தது, எதுவுமே இல்லை போலவும் இருந்தது. "சரி, மொதல்ல மரத்துப்போக ஊசி போட்டுடறேன், அப்புறம் எக்ஸ்ரே பாத்து முடிவு பண்ணுவோம். இன்னைக்கே திறந்து விட்டாத்தான் உங்களுக்கு ராத்திரி தூக்கம்." பார்த்தாயா, இவளுக்கும் தெரியாது. ஆனால் இவள் ஊசியை எடுத்துவிட்டாள். தெரியாமலே ஏதோ செய்கிறாள், யாரும் இவளை மெயில் போடாதே என்று சொல்வதில்லை. ஊசி ஈறுக்குள் போனபோது கண்ணில் நீர் தளும்பியது. "பத்து நிமிஷம் வெளிய உட்காருங்க. பேசறதுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்," என்றார் டாக்டர். வெளியே வந்து உட்கார்ந்தாள். உதடு முதலில் வீங்கியது போலிருந்தது, பிறகு உதடே யாருடையதோ போலானது, நாக்கின் பாதி வாய்க்குள் ஒரு ஈரத்துணியாகக் கிடந்தது. அப்போது புவனேந்திரனிடமிருந்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கோடு. மூன்று இப்போது ஐந்தாகியிருந்தது. கீழே அவன் ஒன்றும் எழுதவில்லை, அவனும் கெட்டிக்காரனாகிவிட்டான், ஒரு வார்த்தைகூடப் போடமாட்டான். ஐந்து. ஒன்றுமில்லை, பேட்டரி. ஐந்து. ஈரம். முப்பது பிள்ளைகள். மதி தொப்பி எடுத்துக்கொண்டு போனாளா. தண்ணீரைக் கண்டால் கைதட்டுகிறவள். யோசித்துக்கொண்டே இருந்தாள், விரல் அதற்குள் மகளின் எண்ணை அழுத்திவிட்டிருந்தது. வழக்கமாக அந்தத் தீவில் சிக்னல் கிடைக்காது. இன்றைக்குப் பார்த்துக் கிடைத்தது. "என்னம்மா?" பின்னால் பிள்ளைகளின் கூச்சல், அலை. "மதி, கலக்கலையில நிக்காதே," என்றாள். "என்னது?" "கலக்... கலக்கலை. பிள்ளேங்கள மேத்துக்குக் கூத்தித்துப் போ." கடற்கரை, மேடு எதுவுமே நாக்கில் உருவாகவில்லை, தன் காதிலேயே அது விழுந்தபோது அவளுக்குத் தன்னை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது, அறைந்தாலும் வலித்திருக்காது. "அம்மா! உனக்கு என்ன ஆச்சு? ஏன் வாய் குழறுது? அம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" "எனக்கொன்னுமில்லதி, பல்லு. கோது ஏறுது. வரா... வலலாம், அவ்வளவுதான், வலலாம்..." எச்சில் மோவாயில் வழிந்தது, அவளுக்கே தெரியவில்லை, அருளானந்தம் பதறிக்கொண்டு கைக்குட்டையை நீட்டினார். "வருதா? அம்மா, என்ன வருது?" "மேத்துக்குப் போ!" என்று குழல்வாய்மொழி கத்தினாள், காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, அத்தனை வருஷத்தில் மகளிடம் அவள் இப்படிக் கத்தியதே இல்லை. தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டால் சிக்னல் இல்லை. "வருதா மேடம்?" என்று அருளானந்தம் மிகவும் மெதுவாகக் கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள், ஆமென்றும் ஆட்டியிருப்பாள் போலிருக்கிறது, ஏனென்றால் அவர் எழுந்து, பல்லையும் டாக்டரையும் விட்டுவிட்டு, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நாயைப் பார்க்கத்தான் போயிருப்பார்.

பல்லைத் திறந்து, பஞ்சு வைத்து, மூடி அனுப்பினார்கள். ஆட்டோ பிடித்து நேரே குன்றுக்குப் போனாள், வீட்டுக்குப் போய் என்ன செய்வது, சாப்பிடவும் முடியாது. ஆட்டோ கடற்கரைச் சாலையில் போனது. கடல் தட்டையாக, ஒன்றும் தெரியாதது போல, சோம்பேறியாகக் கிடந்தது. குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டிருந்தார்கள், ஒருவன் சோளம் சுட்டுக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தி, எல்லாரும் மேலே போங்கள் என்று சொல்ல வேண்டாமா? மகளுக்குச் சொன்னாய், சோளக்காரனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கும் வீட்டில் ஒரு மதி இருப்பாள். சொன்னால் என்ன ஆகும், வாய் வேறு இப்படி, குடித்திருக்கிறாள் என்பார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஆட்டோ வளைவில் திரும்பியது, சோளக்காரன் மறைந்தான், மறைந்தது நல்லதாய்ப் போயிற்று என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதற்காக வெட்கமாக இருந்தது. நிலையத்தில் புவனேந்திரன் திரையைவிட்டு எழுந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்தாள். ஐந்து. காத்திருந்தாள். மகளுக்கு மறுபடி மறுபடி போட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் இந்தியில் சொன்னாள், அந்தப் பெண்ணின் பொறுமையைத் தாங்க முடியவில்லை. மேஜைமேல் இருந்த டம்ளர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஈ உட்கார்ந்தாலும் வட்டம் வந்தது. எங்கோ தூரத்தில் கல் குவாரியில் வெடி வைத்தார்கள், அவள் எழுந்தே விட்டாள். புவனேந்திரன் பார்க்காதது போல் இருந்தான். அப்புறம், வெயில் சன்னலைத் தாண்டிப் போன பிறகு, அவன், "மேடம், இறங்குது," என்றான். நாலு. மூன்று. ஏறியதைவிட வேகமாக இறங்கி, கோடு பழையபடி தட்டையாகி, எதுவுமே நடக்காதது போல நீண்டுகொண்டு போனது. ஏன் ஏறியது என்று சொல்லவில்லை, ஏன் இறங்கியது என்றும் சொல்லவில்லை. "அப்பாடா," என்றான் அவன். அவளும் அப்பாடா என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கியது, அது நிம்மதியில்லை, அவளுக்கு அதை நன்றாகத் தெரியும், பரீட்சையில் தோற்றால் வருவது அது. ஏமாற்றம். எதில் ஏமாற்றம்? எதை எதிர்பார்த்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? பெரிதாக வேண்டாம், ஒரு பாத்திரம்கூட உருள வேண்டாம், நடுக்கடலில் ஆழத்தில் சின்னதாக ஒன்று, யாருக்கும் ஒரு கீறலும் இல்லாமல், அந்த இயக்குநருக்குத் தெரியும்படி மட்டும் என்று அவள் மனதுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். மகள் கரையில் இருக்கும்போதே. சீ என்றாகிவிட்டது. எழுந்து போய் முகத்தைக் கழுவினாள், பாதி முகத்துக்குத்தான் தண்ணீர் சில்லிட்டது.

மதிவதனி படகுத்துறையில் இறங்கியபின்தான் கூப்பிட்டாள். முதல் கேள்வி, "உனக்கு ஸ்ட்ரோக் இல்லையே?" என்பது. இல்லை, பல்லுக்கு ஊசி என்றாள். "ஸ்ட்ரோக்னுதான் நெனச்சேன். உன் குரலைக் கேட்டதும் வேற எதுவும் தோணலம்மா. நீ ஒழுங்காப் பேசியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்." "என்ன பண்ணினே?" "என்ன பண்றது? எங்கம்மா மிஷின்ல கோடு ஏறுதுன்னு ஹெட்மிஸ்கிட்ட சொல்ல முடியுமா? முதலையைப் பார்த்தேன்னு சொன்னேன். பாறைக்குப் பக்கத்துல, தண்ணிக்குள்ளன்னு. அவ்வளவுதான், ஒரு நிமிஷத்துல மொத்தப் பேரும் மேட்டுல நின்னாங்க. பக்கத்துல குளிச்சிட்டிருந்த டூரிஸ்ட்டெல்லாம்கூட ஏறிட்டாங்க." முதலை. இருபது வருஷம் யாரையும் ஒரு படி ஏறவைக்க முடியவில்லை, இல்லாத முதலை ஒன்று ஏற்றிவிட்டது. குழல்வாய்மொழிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "அப்புறம் ஃபாரஸ்ட் கார்டு வந்தார். எங்க பார்த்தே, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் போச்சுன்னு குடைஞ்சு எடுத்துட்டார். எனக்குப் பொய் சரியா வரல. ஹெட்மிஸ்ஸுக்குப் புரிஞ்சிடுச்சு. பிள்ளைங்க வெயில்ல பசியோட மூணு மணி நேரம் மேட்டுல நின்னுச்சுங்க, ரெண்டு பேரு வாந்தி. திரும்பி வர்ற வரைக்கும் ஹெட்மிஸ் என்கூட ஒரு வார்த்தை பேசல. திங்கட்கிழமை ரூமுக்கு வான்னு மட்டும் சொன்னாங்க." "நான் வந்து பேசறேன்." "ஐயோ, நீ வராதே. நீ வந்தா அவ்வளவுதான்." அவள் அழவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது, சலித்துப்போன பெரிய மனுஷி மாதிரிப் பேசினாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லட்டுமாம்மா? நான் உன்னைத் தப்பு சொல்லல. ஆனா இனிமே நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் கூப்பிடு." நிச்சயமாக. நிச்சயமாகத் தெரிகிற நேரத்தில் வாளித் தண்ணீர் ஏற்கெனவே வழிந்துகொண்டிருக்கும், அப்போது கூப்பிட்டு என்னடி செய்ய. அடுத்த தடவை கோடு ஏறும், ஏறாமலா போகும், அன்றைக்கு வாய் தெளிவாக இருக்கும், ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வரும், இவள் எடுத்து, சரிம்மா என்று சொல்லிவிட்டு அங்கேயே மணலில் நிற்பாள். ஒரு மகளை ஒரு தடவைதான் மேட்டில் ஏற்ற முடியும், அதை இன்றைக்கு, இந்த அற்ப ஐந்துக்குச் செலவழித்தாகிவிட்டது. இதையெல்லாம் எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது. "சரி," என்றாள். பிறகு, வாய் சும்மா இருக்காமல், "வடக்க கருத்திருக்குடி. குடை இல்லேன்னா படகுத்துறையிலேயே நில்லு, மழை வந்தாலும் வரும்," என்றாள். "அம்மா!" என்று மதிவதனி போட்ட கத்தல் அறையின் அந்தக் கோடியில் இருந்த புவனேந்திரனுக்கே கேட்டது.